ஒரு ஆள் குறையுதுடா!

தமிழ் சினிமாவில் விளையாட்டுப் படத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. முதல் பாதியில் தோற்க வேண்டும். இடைவேளைக்கு முன்னால் அவமானப்பட வேண்டும். அப்புறம் ஒரு கோச் வருவார். அவருக்கு ஒரு சோக ஃப்ளாஷ்பேக் இருக்கும். கடைசி ஓவரில் மழை, வியர்வை, வயலின். மேட்ச் முடிந்ததும் அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிங் டோக்கனைத் தேடலாம்.

அந்தக் கட்டிப்பிடி நிஜமா? ரொம்ப நாளாகவே எனக்கு இந்தச் சந்தேகம். ‘ப்ளூ ஸ்டார்’ பார்த்தபோது அது பெரிதாகிவிட்டது.

ஜெயக்குமார் இயக்கி, 2024 ஜனவரியில் வந்த படம். கதை நடப்பது தொண்ணூறுகளின் அரக்கோணத்தில். 2019-ல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை அரக்கோணம் வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை. காலனிப் பையன்களின் டீம் ‘ப்ளூ ஸ்டார்’. ஊர்ப் பையன்களின் டீம் ‘ஆல்ஃபா பாய்ஸ்’. முன்னொரு காலத்தில் ஒரு மேட்ச் அடிதடியில் முடிந்ததால் இரண்டு டீமும் ஒன்றோடொன்று ஆடுவதில்லை. அந்தப் பக்கம் சாந்தனு, இந்தப் பக்கம் அசோக் செல்வன். கிரிக்கெட் நமக்கெல்லாம் பொதுவான மதம் என்று டி.வி-யில் ஓயாமல் சொல்கிறார்களே, அந்த மதத்துக்கு இங்கே இரண்டு தெருவில் இரண்டு கோயில்.

படத்தில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். இரண்டு டீமும் மோதினால் பகை தீரும் என்று படம் சொல்லவில்லை. மோத மோதப் பகை வளர்கிறது. ஒரு நல்ல மேட்ச் ஆடிவிட்டால் மனசு சுத்தமாகிவிடும் என்று பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் தலைமை விருந்தினர் சொல்வாரே, அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. காலனி டீமிடம் தோற்பது ஊர்ப் பையனுக்கு வெறும் தோல்வி இல்லை, மானப் பிரச்னை. வெளியிலிருந்து கிளப் ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்தாவது ஜெயிக்கப் பார்க்கிறார்கள். பெரிய இடத்து ஆட்டக்காரர்கள் இவர்களையும் மதிப்பதில்லை என்று புரிந்த பிறகுதான், இரண்டு டீமும் ஒரே டீமாகிறது. கதை திரும்புவது அங்கேதான்.

திரும்பும் வேகம்தான் சந்தேகமாக இருக்கிறது. பல வருஷப் பகை, ஒரு பொது எதிரி வந்ததும் அரை மணி நேரத்தில் கரைந்துவிடுமா? சினிமாவுக்கு வேண்டுமானால் கரையலாம். ஆனால் படம் காட்டும் திசை சரி என்பதற்கு, சினிமாவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது.

மேட் லோ என்று ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர். உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்கள் 1,261 பேரைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். கிரிக்கெட் லீக் நடத்தினார். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, சிலரை ஒரே சாதி டீமில் போட்டார். சிலரைக் கலப்பு டீமில் போட்டார். சிலரை லீக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார். ஒரு மாதம் ஆட விட்டு, பிறகு யார் யாரோடு சிநேகம், யார் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள், யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தார். 2021-ல் கட்டுரை வெளியானது. ஒரே டீமில் ஆடியவர்களுக்கு வேறு சாதியில் சிநேகிதர்கள் கூடினார்கள். சொந்த சாதிக்காரனுக்கே சாதகம் செய்வது குறைந்தது. எதிரெதிர் டீமில் ஆடியவர்களிடம் அந்த நன்மை இல்லை. சில விஷயங்களில் நிலைமை மோசமானதுதான் மிச்சம்.

இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு, எங்க ஊர் டீக்கடை பெஞ்ச்லயே சொல்வாங்களே என்கிறீர்களா? சொல்வார்கள். ஆனால் அதே டீக்கடையில்தான் ‘ஃப்ரெண்ட்லி மேட்ச்’ வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வார்கள். தெருவுக்குத் தெரு டீம் கட்டி, கப் வைத்து, மோத விடுவதற்கு ‘நல்லிணக்க விளையாட்டு விழா’ என்று பேனரும் கட்டுவார்கள்.

இப்போது அரக்கோணத்திலிருந்து மேற்கே, பாலாற்றை ஒட்டி வாருங்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. கொஞ்சம் உள்ளே தள்ளி பேரணாம்பட்டு. தோல் பதனிட்டு, ஷூ தைத்து, உலகத்தின் கால்களுக்கு அனுப்பும் ஊர்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடினால் அது செய்தி. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது ஜனங்கள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிரிக்கெட் ஓடுவதுதான் அங்கே வழக்கம். மணல் அள்ளி அள்ளிக் குழியானது போக மிச்சமிருக்கும் சமதரையில் ஸ்டம்பு நடுவார்கள். டேனரிக் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததற்காக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. தீர்ப்பில் குடிநீர் இருக்கிறது, விவசாயம் இருக்கிறது. மைதானமும் கெட்டுப்போச்சு என்று யாரும் மனுப் போடவில்லை. ஆற்றுக்குச் சொந்தக்காரர்கள் பட்டியலில் பேட்டும் கையுமாக நிற்கும் பையனை யார் சேர்ப்பார்கள்?

தோல் பிழைப்பில் எல்லாரும் இருக்கிறார்கள். டேனரி முதலாளிகளில் முஸ்லிம்கள் நிறைய. வேலை செய்பவர்களில் தலித்துகள் நிறைய. முஸ்லிம் தொழிலாளி, மற்ற சாதிக்காரர், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டீம் தெருவாரியாகத்தான் சேரும். அது யாருடைய சதியும் இல்லை. எட்டு வயதில் யாரோடு ரப்பர் பந்து பொறுக்கினோமோ அவனோடுதான் இருபது வயதில் டீம். எட்டு வயதில் யார் பக்கத்து வீடு என்பதைத் தெரு முடிவு செய்துவிடுகிறது. தெருவை யார் முடிவு செய்தது என்று கேட்டால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். டீம் பெயரைச் சொன்னால் தெரு தெரியும். தெரு தெரிந்தால், உங்களுக்கே தெரியும்.

ஒரு வேடிக்கை. தோலுக்குப் பேர்போன இந்த ஊர்களிலும் சின்னப் பையன் கையில் இருப்பது ரப்பர் பந்துதான். தோல் பந்து காஸ்ட்லி. தோலுக்கும் கிரிக்கெட்டுக்கும் சாதிக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. பல்வங்கர் பாலு என்று ஒருத்தர். தோல் தொழிலோடு சேர்த்துச் சொல்லப்படும் சாமர் சாதியில் பிறந்தவர். 1892-ல் புனேயில் வெள்ளைக்கார கிளப் ஒன்றில் பிட்ச் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 4 ரூபாய் சம்பளம். வெள்ளைக்காரத் துரைக்குப் பயிற்சிப் பந்து போட்டுப் போட்டே பெரிய சுழல்பந்து வீச்சாளர் ஆகிவிட்டார். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார்.

அதற்கு முன்னாலேயே, புனேயில் இந்துக்களின் கிளப் அவரை ஆடக் கூப்பிட்டது. ஜெயிக்க வேண்டுமே! மைதானத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தோலைத் தொட்டால் தீட்டு என்றவர்களுக்குத் தோல் பந்தில் தீட்டுத் தெரியவில்லை. டீ இடைவேளையில் மட்டும் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே மண் குவளை, குடித்துவிட்டுப் போட்டுவிட வேண்டியது. ராமச்சந்திர குஹா 2002-ல் எழுதிய இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் இதை விவரமாகச் சொல்கிறார். பாலுவின் தம்பி விட்டல் 1923-ல் இந்துக்கள் அணிக்கே கேப்டன் ஆனார். ஒரே டீம் என்பதிலிருந்து ஒரே டீ வருவதற்குள் ஒரு குடும்பம் எத்தனை விக்கெட் எடுக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

மேட் லோவின் ஆய்வு நம்பிக்கை தருகிறது என்றால், கூடவே வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று சல்மா மூசாவுடையது. 2020-ல் வெளியானது. வடக்கு இராக்கில் போரில் ஊரை விட்டு ஓடிவந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து டீம்கள் சிலவற்றில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். தங்கள் டீமில் இல்லாத முஸ்லிம் பையனுக்கும் பரிசு கொடுக்கலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அடுத்த சீசனிலும் கலப்பு டீமில் ஆடத் தயாரானார்கள். ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் தெரியாத முஸ்லிம்கள் இருக்கும் ஊருக்குப் போய்ச் சாப்பிடுவது, பொது நிகழ்ச்சிக்கு வருவது என்று மைதானத்தைத் தாண்டியதும் மாற்றம் அவ்வளவாக இல்லை. ‘எங்க அஹமது நல்லவன்’ என்ற இடத்தோடு நின்றுவிட்டது. அதுவே பெரிய விஷயம் என்பேன் நான். ஊரில் ஒரு ராத்திரி ஏதாவது நடந்தால், யாருக்கு போன் போட்டு ‘என்னப்பா, உங்க பக்கம் என்ன நிலவரம்?’ என்று கேட்பீர்கள்? நம்பர் இருக்க வேண்டுமே. ஆம்பூர் 2015 ஜூனில் அப்படி ஒரு ராத்திரியைப் பார்த்த ஊர்.

‘ப்ளூ ஸ்டார்’ மீது என் புகார் இதுதான். மேட்சுக்கு மறுநாள் திங்கட்கிழமையில் படத்துக்கு அக்கறையில்லை. கட்டிப்பிடித்த இரண்டு பையன்களில் ஒருவன் இன்னொருவன் வீட்டுத் திண்ணையில் உட்காருவானா? சொம்பில் தண்ணீர் வருமா, டம்ளரில் வருமா? ஜெயக்குமாருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. மனிதர்களையும் ஊரையும் இவ்வளவு தெரிந்து எடுத்தவர், கடைசியில் ஸ்கோர் போர்டைப் பார்த்து ஓடியிருக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ‘லப்பர் பந்து’ ஒரு படி மேல். தமிழரசன் பச்சமுத்து இயக்கம். அதே 2024, செப்டம்பரில் வந்தது. ஹரீஷ் கல்யாண் நடித்த அன்பு நன்றாக ஆடுபவன். ஆனால் உள்ளூர் ‘ஜாலி ஃப்ரெண்ட்ஸ்’ டீமில் அவனுக்கு இடம் கிடையாது. காரணம், சாதி. ஊர் ஊராகப் போய் கெஸ்ட் பிளேயராக ஆடுகிறான். கெஸ்ட்! எவ்வளவு மரியாதையான வார்த்தை, எவ்வளவு மரியாதை கெட்ட நிலைமை. சொந்த ஊரில் விருந்தாளி. அன்புக்கு வலிப்பது தோல்வி இல்லை. தோற்பதற்குக்கூடச் சொந்தமாக ஒரு டீம் இல்லை என்பதுதான். ஆட்டம் தரும் சந்தோஷம் எதில் இருக்கிறது என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் வாசலில் சைக்கிள் பெல் அடித்து ‘டேய், ஒரு ஆள் குறையுதுடா, வர்றியா?’ என்று ஒருத்தன் கூப்பிடுகிறான் பாருங்கள், அதில் இருக்கிறது.

நம் பழைய விளையாட்டுகளுக்கு இது தெரியும். கிட்டிப்புள்ளிலோ கண்ணாமூச்சியிலோ சின்னக் குழந்தை ஒன்று அழுதுகொண்டு நின்றால் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வோம். அது அவுட் ஆனாலும் அவுட் இல்லை. (அந்தச் சொல் இன்றைக்குக் காதில் உறுத்துகிறது. வேறு பெயர் வைக்கலாம். வழக்கத்தை விட வேண்டாம்.) தெருக் கிரிக்கெட்டிலும், ஆள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருத்தன் ‘காமன்’. இரண்டு டீமுக்கும் ஆடுவான். தெருவில் அன்றைக்கு அவனைவிடச் சந்தோஷமானவன் கிடையாது, இரண்டு தடவை பேட்டிங்! 2007-ல் வந்த ‘சென்னை 600028’-ல் ஜெய் நடித்த ரகு, வீடு மாறி எதிரி டீமின் ஏரியாவுக்கே குடிவந்து, கடைசியில் அவர்கள் டீமிலேயே ஆடுவான். வெங்கட் பிரபு அதைச் சிரிக்கச் சிரிக்க எடுத்திருந்தார். சென்னையில் வீடு மாறினால் டீம் மாறலாம். காலனியில் இருப்பவன் ஊர்த் தெருவுக்கு வீடு மாற முடியுமா என்பதை அந்தப் படம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவ்வளவு சிரித்திருக்க மாட்டோம்.

சந்தோஷத்துக்குக் கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்கா உதவும். ராபர்ட் புட்னம் என்ற பேராசிரியர் 2000-ல் ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். 1980-க்கும் 1993-க்கும் இடையில் அமெரிக்காவில் பௌலிங் ஆடுபவர்கள் 10 சதவிகிதம் கூடியிருக்கிறார்கள். ஆனால் லீக்கில் சேர்ந்து ஆடுவது 40 சதவிகிதம் குறைந்திருக்கிறது. அதாவது ஆட்டம் இருக்கிறது, ஆள் சேர்க்கை இல்லை. எந்தக் குழுவிலும் இல்லாத ஒருவர் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்தால், அடுத்த ஒரு வருடத்தில் அவர் சாகும் வாய்ப்பு பாதியாகும் என்றும் எழுதினார். எல்.ஐ.சி. ஏஜென்ட்டுகள் கவனிக்க. ஜிம்மில் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடுபவர்களும் கவனிக்க.

‘தனியாள் விளையாட்டுக்கு என்ன சொல்றீங்க?’ என்று வேலூர்க்காரர்கள் மல்லுக்கு நிற்கலாம். நியாயம். சத்துவாச்சாரி பளுதூக்குதலுக்குப் பேர்போன இடம். சதீஷ் சிவலிங்கம் அங்கிருந்து வந்தவர். அப்பாவும் பளுதூக்கியவர், ராணுவத்தில் இருந்தவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் 149, 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். மேடையில் தனியாகத்தான் நிற்க வேண்டும். கம்பிக்கு அடியில் கை கொடுக்க யாரும் வர முடியாது. ஆனால் அன்றைக்கு அவருக்கு அடுத்து வெள்ளி வாங்கியவர் யார் தெரியுமா? இன்னொரு இந்தியர், ரவிக்குமார். ஒரே கொடிக்குக் கீழே வந்த இரண்டு பேர், மேடையில் போட்டியாளர்கள். ‘எதிராளி’யும் ‘நம்மாளு’ம் ஒரே ஆளாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. 2018 கோல்டு கோஸ்ட்டுக்கு சதீஷ் தொடைக் காயத்தோடு போனார். தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது பட்ட காயம். மெடல் நம்பிக்கையே இல்லாமல்தான் வந்தேன் என்று சொன்னவர், 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம் வாங்கினார். இந்தக் கதையை யாராவது படமாக எடுக்கப் போகிறார்களா என்று பயமாக இருக்கிறது. வில்லன் வைத்துவிடுவார்கள்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் ஆண்கள் கதை. கவனித்தீர்களா?

‘லப்பர் பந்து’வில் சுவாசிகா நடித்த யசோதையைப் பாருங்கள். புருஷன் கெத்து, அட்டகத்தி தினேஷ், அவளிடம் பொய் சொல்லிவிட்டு ஆடப் போகிறான். அவன் களத்தில் இறங்கும்போது விஜயகாந்த் பாட்டு போட்டு ஊரே ஆடுகிறது. வீட்டில் அவள் கொதிக்கிறாள். இயக்குநர் அவள் கோபத்தைக் கேலி செய்யவில்லை. அந்தப் பெருந்தன்மை நம் சினிமாவில் அபூர்வம். ஆனாலும் கடைசியில் மனசு மாறிச் சமாதானமாக வேண்டியது அவள்தான். கெத்துவின் ஞாயிற்றுக்கிழமையை அவள் புரிந்துகொள்ள வேண்டும். அவளுடைய ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு வருகிறது. கம்பெனிக்கு வர முடியாதவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதியை ஊசியால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஊர்த் தெரு, காலனி, மசூதித் தெரு எல்லாவற்றிலிருந்தும் ஏறிய பெண்கள் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிறார்கள். லீக் நடத்தி மேட் லோ உண்டாக்கிய கலப்பு டீம் அந்த பஸ்ஸில் தினமும் ஏறி இறங்குகிறது. அவர்களுக்கு இல்லாதது ஒரு பந்தும், ஒரு அரை மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ‘நீ போய் ஆடிட்டு வா, நான் சோறு வடிக்கிறேன்’ என்று சொல்ல வீட்டில் ஒரு ஆளும். ஆடுவதற்கு மைதானம் போதும் என்று நினைப்பவர்கள் அந்த மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். த்ரோபால் வலை ஒன்றைக் கம்பெனி வளாகத்தில் கட்ட என்ன செலவாகிவிடும்? ஏற்றுமதி செய்யும் ஒரு பெட்டி ஷூவின் விலைகூட ஆகாது. இயக்குநர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அடுத்த விளையாட்டுப் படத்தின் கதையை அந்த பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊர் டீமின் பெயரை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். வெறும் பெயர் போதாது. ஆடும் பதினோரு பேரும் எந்தெந்தத் தெரு, மேட்ச் முடிந்து டீ குடிப்பது எந்தக் கடை, எல்லாருக்கும் அங்கே ஒரே மாதிரி டம்ளரா, இதையும் எழுத வேண்டும். பெண்கள் டீம் ஏதாவது இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.